கினிப்பன்றிக்கு உலர் உணவு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கினிப்பன்றியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எழும் முதல் கேள்வி, இதற்கு என்ன தீவனம் வாங்குவது என்பதுதான். கடையில் கேட்டால் பெரும்பாலும் முயல் தீவனத்தை எடுத்து நீட்டுவார்கள். பக்கத்து அலமாரியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கலவைப் பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கும். இணையத்தில் தேடினால் பல மடங்கு விலையில் இறக்குமதித் தீவனங்கள் வரிசைகட்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று புரியாமல், விலையையோ அட்டைப்படத்தையோ பார்த்து வாங்கிவிடுபவர்கள்தான் அதிகம்.

இந்தத் தேர்வில் அலட்சியம் கூடாது. நாயும் பூனையும் எலியும் தங்கள் உடலுக்குத் தேவையான வைட்டமின் சியைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். கினிப்பன்றியால் அது முடியாது. அதற்கான நொதி அதன் உடலில் சுரப்பதில்லை. மனிதர்களைப் போலவே அதுவும் உணவிலிருந்துதான் அந்தச் சத்தைப் பெற்றாக வேண்டும்.

1907ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஆய்வாளர்களான ஆக்சல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானிய உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுத்தபோது நோய் வரவில்லை. மனிதர்களின் ஸ்கர்வியைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவிய ஆய்வு அது. வயிறு நிறைய உலர் தீவனம் தின்னும் கினிப்பன்றியும் சத்துக்குறைவால் நோயில் விழும் என்பதை அன்றே அது காட்டிவிட்டது.

இன்னொரு உண்மையையும் மனதில் வைக்க வேண்டும். கினிப்பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த புல்லுண்ணி. அதன் 20 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தின்றால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கும். அதன் குடலும் நார்ச்சத்து ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும்படி அமைந்தது.

ஆகவே நல்ல உலர் உணவுக்கு அளவுகோல்கள் மூன்று: நிறைய நார்ச்சத்து, போதிய வைட்டமின் சி, புதிய உற்பத்தித் தேதி. கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த மூன்றையும் உறுதிசெய்வதற்கான வழிகளே.

செய்ய வேண்டியவை

1. உலர்புல்லுக்கு முதலிடம் கொடுங்கள்.

உலர் உணவு என்றதும், தீவனத்தைச் சிறு துண்டுகளாக அழுத்திச் செய்த பெல்லட் பாக்கெட்டைத்தான் நினைக்கிறோம். கினிப்பன்றிக்கு முதன்மையான உலர் உணவு காய்ந்த புல். அதன் அன்றாட உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லாகவே இருக்க வேண்டும். கூண்டில் இரவும் பகலும் புல் தீராமல் இருக்கட்டும். கினிப்பன்றியின் உடல் அளவுக்கு ஒரு குவியல் தினமும் வைத்தால் போதுமானதாக இருக்கும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டைப் போல, புல்லுக்குத் துணையாக வருவதுதான் பெல்லட்.

இறக்குமதியாகும் திமோதிப் புல் இப்போது செல்லப்பிராணிக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. விலை கட்டுப்படியாகாதவர்கள் அருகம்புல்லையோ, மாடு வளர்ப்பவர்கள் பயிரிடும் கம்பு நேப்பியர் போன்ற தீவனப் புல்லையோ நன்றாகக் கழுவி, பச்சையாகவும் நிழலில் உலர்த்தியும் கொடுக்கலாம். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் படாத இடத்துப் புல்லாக இருக்க வேண்டும். தெருநாய்கள் நடமாடும் சாலையோரத்துப் புல் வேண்டாம்.

2. கினிப்பன்றிக்கென்றே தயாரிக்கப்பட்ட பெல்லட்டை வாங்குங்கள்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் கினிப்பன்றியின் படம் இருப்பது மட்டும் போதாது. “முயலுக்கும் கினிப்பன்றிக்கும்” என்று இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாக்கெட்டாக விற்பவை நம் ஊரில் ஏராளம். அப்படிப்பட்டதைக் கையில் எடுத்தால் உடனே பின்பக்கத்தைத் திருப்பி, சத்துப் பட்டியலில் வைட்டமின் சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கினிப்பன்றிக்கான உணவு அல்ல. திருப்பி வைத்துவிடுங்கள்.

3. சத்துப் பட்டியலை எண்களோடு படியுங்கள்.

வளர்ந்த கினிப்பன்றிக்கான பெல்லட்டில் பார்க்க வேண்டிய எண்கள் சிலவே. நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. 20ஐத் தாண்டினால் இன்னும் நல்லது. புரதம் 14 முதல் 16 சதவீதம் போதும். கொழுப்பு 4 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 0.6 சதவீதம் இருந்தால் சரி. அதோடு அது பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இந்த எண்களையே அச்சிடாத பாக்கெட்டும் கடைகளில் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத தயாரிப்பாளரை நம்பி வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

4. மூலப்பொருள் பட்டியலின் முதல் பெயரைக் கவனியுங்கள்.

மூலப்பொருள் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும் என்பது பொதுவான முறை. திமோதிப் புல்லோ வேறு புல் மாவோ முதலில் வந்தால் அது நல்ல அறிகுறி. சோளம், கோதுமை, அரிசித் தவிடு, புண்ணாக்கு என்று தொடங்கினால் அது தானியத் தீவனம். மாவுச்சத்து கூடினால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, கெட்டவை பெருகும். வயிற்று உப்புசமும் கழிச்சலும் அதன் பின்னாலேயே வரும்.

5. வயதுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

பாக்கெட்டில் அல்ஃபால்ஃபா என்று அச்சிடப்பட்டிருப்பது நம் ஊர் விவசாயிகள் பயிரிடும் குதிரை மசால்தான். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் அதிகம். வளரும் குட்டிக்கும், சினையாக இருக்கும் தாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் அது நல்லது. குட்டிக்கு ஆறு மாதம் நிறைந்ததும் திமோதிப் புல்லை அடிப்படையாகக் கொண்ட பெல்லட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. கினிப்பன்றி உடலில் மிஞ்சும் சுண்ணாம்புச் சத்து பெருமளவு சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. வளர்ந்த விலங்குக்கு அது தொடர்ந்து கூடுதலாகச் சேர்ந்தால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு பெருகும். சிறுநீர்க் கல் இந்த விலங்குகளுக்கு அடிக்கடி வரும், மிகுந்த வலி தரும் நோய். பல சமயம் அறுவைச் சிகிச்சைவரை போய்விடும்.

6. உற்பத்தித் தேதி பார்த்து, சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள்.

பெல்லட்டில் சேர்க்கும் சாதாரண வைட்டமின் சி நிலையானதல்ல. வெப்பம், வெளிச்சம், ஈரம், காற்று எல்லாமே அதைச் சிதைக்கும். தயாரித்த மூன்று மாதங்களுக்குள் ஏறக்குறைய பாதி போய்விடும். நம் ஊர் வெயிலில் கடைக் கிடங்குகளில் அடைந்துகிடக்கும் பாக்கெட்டுக்கு இழப்பு இன்னும் வேகமாக நேரும். காலாவதித் தேதி அடுத்த ஆண்டு என்று போட்டிருந்தாலும், வைட்டமின் சி அதுவரை காத்திருக்காது. ஆகவே காலாவதித் தேதியோடு நின்றுவிடாமல் உற்பத்தித் தேதியையும் பாருங்கள். “நிலைப்படுத்தப்பட்ட வைட்டமின் சி” சேர்க்கப்பட்டது என்று குறிப்பிட்டிருக்கும் தயாரிப்பு கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். அது கூடுதல் காலம் தாங்கும்.

எவ்வளவு வாங்குவது என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு கினிப்பன்றிக்கு நாளுக்கு 20 கிராம் என்றால் மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாட்களுக்கு வரும். ஐந்து கிலோ மூட்டை வாங்கினால் 250 நாட்கள், அதாவது எட்டு மாதங்களுக்கு மேல். விலையில் மிச்சப்படுத்தும் பணத்தைச் சத்தில் இழந்துவிடுகிறோம். இரண்டு, மூன்று விலங்குகள் வளர்ப்பவர்கள் இதே கணக்கைப் பெருக்கிப் பார்த்து, இரண்டு மாதங்களுக்குள் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

7. அளந்து கொடுங்கள்.

வளர்ந்த ஒரு கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 15 முதல் 20 கிராம் பெல்லட் போதும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்து வைக்கலாம். கிண்ணம் கனமான பீங்கானாக இருந்தால் கவிழாது. சில விலங்குகள் கிண்ணத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து அசுத்தம் செய்துவிடும். எனவே தினமும் கழுவித் துடைத்து, ஈரம் போன பிறகே புதிதாக நிரப்புங்கள்.

ஒரே கூண்டில் பல இருந்தால் ஆளுக்கொரு கிண்ணம் வையுங்கள். வலிமையான ஒன்று மற்றவற்றை விரட்டிவிட்டு எல்லாவற்றையும் தின்றுவிடுவது வழக்கம்.

8. பெல்லட்டோடு பச்சைக் காய்கறியும் சேருங்கள்.

ஒரு சிறு கணக்கு இது ஏன் அவசியம் என்று காட்டிவிடும். கிலோவுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி என்று அச்சிட்ட பெல்லட்டில் 20 கிராம் கொடுத்தால் விலங்குக்குக் கிடைப்பது 10 மில்லிகிராம். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்குத் தினமும் தேவைப்படுவது 10 முதல் 30 மில்லிகிராம். சினைக் காலத்தில் தேவை இன்னும் கூடும். புதிய பாக்கெட்டே குறைந்தபட்ச அளவைத்தான் எட்டுகிறது. பாதி சத்து போன பாக்கெட்டில் கிடைப்பது 5 மில்லிகிராம் மட்டுமே.

இந்தக் குறையை நிரப்பக் குடைமிளகாய் மிக நல்லது. தினமும் ஒரு துண்டு, விதை நீக்கிக் கொடுங்கள். கொத்தமல்லித் தழை, லெட்யூஸ் போன்றவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கொய்யாப்பழத்தில் வைட்டமின் சி ஏராளம் என்றாலும் சர்க்கரையும் உண்டு. விதையில்லாத சிறு துண்டு, வாரத்தில் ஓரிரு நாள் போதும். முருங்கைக்கீரை, பசலைக்கீரை போன்றவற்றைத் தினமும் கொடுக்காமல் எப்போதாவது கொஞ்சமாகக் கொடுப்பது சிறுநீர்ப்பைக்குப் பாதுகாப்பு.

9. காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த இடத்தில் சேமியுங்கள்.

திறந்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அடுப்பங்கரையில் வைப்பது சத்தையும் கெடுக்கும், வண்டையும் வரவழைக்கும். ஒளி புகாத, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது இன்னும் நல்லது. பாக்கெட்டைப் பிரித்த தேதியை ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டுங்கள். பழைய தீவனத்தின் மீது புதியதைக் கொட்டிக் கலக்காதீர்கள். முந்தையது தீர்ந்ததும் டப்பாவைக் கழுவி, உலர்த்தி, பிறகு நிரப்புங்கள்.

10. புதிய பெல்லட்டுக்குப் படிப்படியாக மாற்றுங்கள்.

கினிப்பன்றிகள் குட்டிப் பருவத்தில் பழகிய உணவின் மணத்தையும் வடிவத்தையும் பிடிவாதமாக நினைவில் வைத்திருக்கும். ஒரே நாளில் மாற்றினால் புதியதைத் தொடாமலேயே பட்டினி கிடக்கும். முதல் மூன்று நாட்கள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. அடுத்த மூன்று நாட்கள் சரிபாதி. அதற்கடுத்த மூன்று நாட்கள் முக்கால் பங்கு புதியது. பத்தாம் நாள் முழுவதும் புதியது என்று போகலாம். இடையில் சாணம் இளகினால் வேகத்தைக் குறையுங்கள்.

வாங்கும் நாளிலேயே, அதுவரை என்ன தீவனம் தின்று வளர்ந்தது என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மிக நல்லது. அதையே கொஞ்சம் வாங்கிவந்தால் மாற்றம் எளிதாக நடக்கும்.

11. வாரம் ஒருமுறை எடை பாருங்கள்.

தேர்ந்தெடுத்த உணவு ஒத்துக்கொள்கிறதா என்பதை எடையே சொல்லிவிடும். சமையலறைத் தராசு போதும். ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் நிறுத்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வளர்ந்த கினிப்பன்றி பொதுவாக 700 முதல் 1,200 கிராம்வரை இருக்கும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

செய்யக்கூடாதவை

1. முயல் தீவனத்தைக் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். முயல் தன் வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்வதால் முயல் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. பண்ணை முயல்களுக்கான சில தீவனங்களில் குடல் ஒட்டுண்ணி நோயைத் தடுக்கும் மருந்துகளும் கலந்திருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போதும் என்று எண்ண வேண்டாம். முதல் சில நாட்களில் வேறுபாடு தெரியாது. பச்சைக் காய்கறியும் இல்லாமல் போனால் இரண்டு வாரங்களிலேயே குறைபாட்டின் அறிகுறிகள் தலைகாட்டிவிடும்.

2. வண்ணக் கலவைத் தீவனத்தை வாங்காதீர்கள்.

பெல்லட், சூரியகாந்தி விதை, சோளம், உலர்ந்த பழம், வண்ண உருண்டைகள் எல்லாம் கலந்த பாக்கெட்டுகள் கண்ணைக் கவரும். கினிப்பன்றி அதில் தனக்குப் பிடித்த இனிப்பையும் கொழுப்பையும் மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, சத்துள்ள பெல்லட்டை ஒதுக்கிவிடும். கிண்ணம் பாதி காலியானதைப் பார்த்து நன்றாகச் சாப்பிட்டதாக நாம் நினைப்போம். தோலோடு இருக்கும் விதையும் உடைந்த சோளமும் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு. கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எல்லாத் துண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மணம் என்று இருக்கும் பெல்லட்தான் நல்லது.

3. சில்லறையாக, மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

திறந்த மூட்டையில் உற்பத்தித் தேதியும் இல்லை, சத்துப் பட்டியலும் இல்லை. எத்தனை நாள் காற்றில் கிடந்தது, எலி ஏறியதா, மழையில் நனைந்ததா என்று எதுவும் தெரியாது. விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம்.

4. பூஞ்சை பிடித்ததைக் காயவைத்துக் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். ஈரம் ஏறிய பெல்லட்டிலும் புல்லிலும் பூஞ்சை பிடித்தால், சில பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் போன்ற நச்சுகளை உருவாக்கும். வெயிலில் காயவைத்தாலும் அந்த நச்சு போகாது. அது ஈரலைத் தாக்கும். மக்கிய வாடை வந்தாலோ, துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, வெள்ளையாகவோ கருமையாகவோ படர்ந்திருந்தாலோ முழுப் பாக்கெட்டையும் குப்பையில் போடுங்கள். நல்ல துண்டுகளைப் பொறுக்கி எடுக்க முயலவே வேண்டாம்.

5. கிண்ணம் காலியாகும்போதெல்லாம் பெல்லட்டை நிரப்பாதீர்கள்.

கினிப்பன்றி சத்தமிட்டுக் கேட்கும். குளிர்சாதனப் பெட்டியின் கதவுச் சத்தத்துக்கே கூவத் தொடங்கும். அந்தக் குரலுக்கு இளகிப் பெல்லட்டை அள்ளிப்போட்டால் அது புல்லைத் தொடாது. புல் குறைந்தால் கடைவாய்ப் பற்கள் தேயாமல் நீளும். கீழ்த்தாடைப் பற்கள் இரு பக்கமும் சாய்ந்து வளர்ந்து, நாக்கை அசைய விடாமல் சிறைப்படுத்திவிடுவதும் உண்டு. பசி இருந்தும் விழுங்க முடியாத நிலை அது. உடல் பருமனும் கூடவே வரும். குரல் கேட்டால் ஒரு பிடி புல்லோ கொஞ்சம் கொத்தமல்லியோ கொடுங்கள்.

6. நம் தின்பண்டங்களைப் பகிராதீர்கள்.

பிஸ்கட், முறுக்கு, பொட்டுக்கடலை, ரொட்டி, சாதம், இட்லி எதுவும் வேண்டாம். ஊறவைத்த கொண்டைக்கடலையைச் சத்து என்று எண்ணித் தினமும் கொடுப்பவர்கள் உண்டு, அதையும் விட்டுவிடுங்கள். தயிர் உருண்டை, தேன் குச்சி, பால் சேர்ந்த இனிப்புகள் என்று கடைகளில் விற்பவையும் இந்தப் பட்டியலில் அடங்கும். முழுத் தாவர உண்ணியான கினிப்பன்றிக்குப் பாலோ முட்டையோ இறைச்சியோ எந்த வடிவிலும் தேவையில்லை. வீட்டுக் குழந்தைகளுக்கும் விருந்தினர்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. நாய், பூனை, கோழி, பறவைத் தீவனங்களைக் கொடுக்காதீர்கள்.

நாய், பூனைத் தீவனங்களில் இறைச்சிப் புரதமும் கொழுப்பும் நிறைந்திருக்கும். கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் சில மருந்துகள் கினிப்பன்றிக்கு நஞ்சாகலாம். தீவனம் தீர்ந்துபோன நாளில் கூட இவற்றை நாட வேண்டாம். ஒரு நாள் முழுக்கப் புல்லும் காய்கறியும் மட்டும் தின்பதால் கினிப்பன்றிக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

8. வைக்கோலை உலர்புல்லுக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

நெல் அறுத்தபின் எஞ்சும் தாளில் சத்து மிகக் குறைவு. வயலில் தெளித்த மருந்தின் மிச்சமும் இருக்கலாம். தடித்த தண்டுகள் கண்ணில் குத்திப் புண்ணாக்குவதும் நடக்கிறது. மாட்டுக்கு உதவுவதெல்லாம் இந்தச் சிறிய விலங்குக்கு உதவாது.

9. தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலக்காதீர்கள்.

தண்ணீரில் கலந்த வைட்டமின் சி சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். எவ்வளவு குடித்தது என்று அளக்கவும் முடியாது. சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும். சிறுநீர்க் கல்லுக்கு அதுவே வழிவிடும். உலர் உணவு தின்னும் விலங்குக்குச் சுத்தமான தண்ணீர் எந்நேரமும் வேண்டும். தினமும் மாற்றுங்கள்.

மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் 500 மில்லிகிராம் சப்பும் மாத்திரையை முழுதாகக் கொடுப்பதும் தவறு. அது கினிப்பன்றியின் தினசரித் தேவையைப் பல மடங்கு தாண்டிய அளவு. கூடுதல் வைட்டமின் தேவையா, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

10. உப்புக் கட்டியும் தாதுக் கட்டியும் தொங்கவிடாதீர்கள்.

நல்ல பெல்லட்டும் புல்லும் தின்னும் விலங்குக்கு இவை தேவையே இல்லை. கூடுதல் சுண்ணாம்புச் சத்து என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். அந்தப் பணத்தில் இரண்டு குடைமிளகாய் வாங்குங்கள்.

11. சாப்பிடாமல் இருப்பதை “நாளைக்குச் சரியாகிவிடும்” என்று விட்டுவிடாதீர்கள்.

கினிப்பன்றியின் குடல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றாலே அது அவசர நிலை. குடல் இயக்கம் நின்றுபோகும். உடல் கொழுப்பு ஈரலில் படியத் தொடங்கும். புதிய பெல்லட் பிடிக்காததால்தான் சாப்பிடவில்லை என்று நீங்களே முடிவுகட்டாமல், பழைய தீவனத்தை வைத்துப் பாருங்கள். அதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

உணவு சரியில்லை என்பதை உடல் சொல்லும். வைட்டமின் சி குறைந்தால் மூட்டுகள் வீங்கும், நடை நொண்டும், தூக்கும்போது வலியால் கத்தும், ஈறில் இரத்தம் கசியும், முடி சொரசொரவென்று ஆகும். பல் வளர்ந்துவிட்டால் எச்சில் ஒழுகித் தாடை நனைந்திருக்கும். உணவைக் கவ்விவிட்டுக் கீழே போடும். சிறுநீர்ப்பையில் கல் இருந்தால் சிறுநீரில் இரத்தம் தெரியும், கழிக்கும்போது முனகும். சாணம் சிறுத்தாலோ, இளகினாலோ, நின்றுபோனாலோ குடலில் கோளாறு.

கினிப்பன்றி தன் மென்மையான சாணத்தைத் தானே தின்பதைப் பார்த்துச் சிலர் பயந்துவிடுவார்கள். அது இயல்பானது. செரிக்காத சத்துகளை மீண்டும் பெற அது கையாளும் வழி. அதைத் தடுக்க வேண்டாம்.

மற்ற அறிகுறிகளில் எது தெரிந்தாலும், நாய், பூனையோடு சிறு விலங்குகளையும் பார்த்துப் பழகிய மருத்துவரை நாடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போகும்போது தீவனப் பாக்கெட்டையோ அதன் லேபிளின் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள். நோயைக் கண்டறிய அது பெரிதும் உதவும்.

கடைக்குப் போகும்போது

இந்த ஆறு கேள்விகளை ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

• கினிப்பன்றிக்கென்று தயாரித்ததா?
• சத்துப் பட்டியலில் வைட்டமின் சி இருக்கிறதா, எவ்வளவு?
• நார்ச்சத்து 18 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறதா?
• மூலப்பொருளில் முதலில் வருவது புல்லா, தானியமா?
• எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா. விதை, வண்ண உருண்டை, இனிப்பு ஏதும் இல்லையே?
• எப்போது தயாரித்தது. இரண்டு மாதங்களுக்குள் தீருமா?

ஆறுக்கும் சரியான பதில் கிடைத்தால் வாங்குங்கள். ஒன்றுக்குச் சரியான பதில் இல்லையென்றாலும் அடுத்த பாக்கெட்டைப் பாருங்கள். அன்று எதுவுமே கிடைக்கவில்லையா? ஒரு கட்டு அருகம்புல்லும் ஒரு குடைமிளகாயும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள். தவறான தீவனத்தைவிட அது எவ்வளவோ மேல்.

கவனமாக வளர்த்தால் கினிப்பன்றி ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் நம்மோடு வாழும். காட்டில் தனக்கு வேண்டிய புல்லையும் தழையையும் தானே தேடிக்கொண்ட இனம் அது. கூண்டுக்குள் வந்தபின் நாம் வைப்பதை மட்டுமே அது தின்ன முடியும். அதற்காகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒதுக்குங்கள்.